'மூவ் ஆன்' என்றால் நகர்வதா, ஆறுவதா?

அக்கா மகளுக்குக் காதல் முறிந்து நான்கு மாதம் ஆகிறது. மனநல ஆலோசனை தரும் ஒரு செயலியில் வந்த வரியை என்னிடம் காட்டினாள்: 'பழைய உறவிலிருந்து நகர்ந்து செல்லுங்கள்.' "எங்க சித்தி நகர்ந்து போறது?" என்று கேட்டாள். ஆங்கில 'மூவ் ஆன்' என்பதற்கு, சப்டைட்டில், கேள்வி-பதில் பகுதி என்று எங்கே பார்த்தாலும் இதே 'நகர்ந்து செல்'தான் மொழிபெயர்ப்பு. பொறுக்கவில்லை, எழுதுகிறேன்.

'மூவ்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அசைவதுதான் அடிப்படைப் பொருள். பிரிவிலிருந்து மீள்வது என்பது பின்னால் ஏறிய பொருள்.

தமிழில் நகர்வது என்றால் என்ன? பஸ்ஸில் கண்டக்டர் "உள்ளே நகருங்க" என்கிறாரே, அது. நத்தை நகர்கிறது, பீரோவை நகர்த்துகிறோம். துக்கத்தில் இருப்பவரிடம் "நகருங்க" என்றால், வழியை மறிக்கிறீர்கள் என்றுதான் காதில் விழும்.

சரி, 'கடந்து செல்' என்று சொல்லலாமே என்பார்கள். மீண்டவர் பின்னாளில் "கடந்து வந்தேன்" என்று சொன்னால் அழகு. ஆனால் "கண்டும் காணாமல் கடந்து போனான்" என்றும் நாம் சொல்கிறோம். தத்தளிப்பவரிடம் "கடந்து போ" என்று கட்டளையிட்டால், உன் வலியைக் கண்டுகொள்ளாதே என்றாகிவிடுகிறது.

நம்மிடம் 'ஆறு' என்ற வினை இருக்கிறது. புண் ஆறுகிறது, காபி ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. எதுவும் இடம் மாறவில்லை, சூடு தணிகிறது. 'ஆறுதல்' என்று பெயர்ச்சொல்லாக்கினால் பிறர் சொல்லும் தேற்றுமொழி என்ற பொருள் முந்திக்கொள்ளும். அதனால் 'மனம் ஆறுவது' என்று வினையாகவே வைத்துக்கொள்ளலாம். திருக்குறளின் 116ஆம் அதிகாரத்துக்கே 'பிரிவாற்றாமை' என்றுதான் பெயர். அதில் 1159ஆம் குறள்:

தொடிற்சுடின் அல்லது காமநோய் போல
விடிற்சுடல் ஆற்றுமோ தீ

தீ தொட்டால்தான் சுடும். காதலோ விட்டு விலகினால் சுடும்.

இன்றைக்கு விலகவும் முடிவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா மகள் வாட்ஸ்அப்பில் அவன் பெயரைத் திறந்து 'லாஸ்ட் சீன்' பார்க்கிறாள். எதுவும் அனுப்புவதில்லை. டிபி மாறியிருந்தால் பெரிதாக்கி, அது யார் எடுத்த படமாக இருக்கும் என்று யோசிக்கிறாள். காலையில் போனே போன வருடத்துப் படத்தை 'நினைவுகள்' என்று எடுத்து நீட்டுகிறது. பிரிந்துபோன காதலரின் பதிவுகள் கண்ணில் அதிகம் படாமல் இருக்க 2015இல் ஃபேஸ்புக் ஒரு வசதியே கொண்டுவந்தது. ஆற வேண்டியதைத் திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்றுவதுதான் இங்கே சிக்கல். 'நகர்தல்' இதை எப்படிச் சொல்லும்?

முடிந்த உறவை முடிந்ததாக மனம் ஏற்றுக்கொள்வதை ஆங்கிலத்தில் 'க்ளோஷர்' என்பார்கள்; அதை 'மூடல்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். மூடல் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சரி, மனசுக்கு ஆகாது. அகராதியைப் புரட்டுவதற்கு முன்னால், வீட்டில் ஒருவர் அழும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்று மொழிபெயர்ப்பாளர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "அழுது ஆத்திக்கோம்மா" என்பார்கள்.

அந்தச் செயலியில் 'மனம் ஆற நாளாகும், ஆறட்டும்' என்று இருந்திருந்தால், அவள் என்னிடம் அர்த்தம் கேட்டு வந்திருக்க மாட்டாள்.