1969 கமாரோ: கழற்றும் முன் படித்துவிடுங்கள்

பழைய வண்டி பட்டறைக்குள் வந்ததும் பலருடைய கை முதலில் போவது பிரஷர் வாஷருக்குத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே மீட்க வேண்டிய வண்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கிரீஸுக்கும் மண்ணுக்கும் அடியில் அரை நூற்றாண்டாகப் பத்திரமாக இருந்த, தொழிற்சாலையில் அடையாளத்துக்கு இட்ட பெயிண்ட் புள்ளிகளும் கிரேயான் கிறுக்கல்களும் பத்தே நிமிடத்தில் சாக்கடைக்குப் போய்விடும். அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவ்ரோலே கமாரோவை எடுத்துக்கொள்வோம். 1969 மாடலில் 2,43,085 வண்டிகள் உருவாயின. அவற்றில் அதிவேக ரகமான இசட்/28 வெறும் 20,302 மட்டுமே. சாதாரண கமாரோவுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் மிகப் பெரியது என்பதால், சாதாரண வண்டியை இசட்/28 ஆக்கி விற்பது பல காலமாக நடக்கிறது. விஐஎன் எனும் வண்டி அடையாள எண்ணைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 124 என்று தொடங்கினால் வி8 எஞ்சின், 123 என்றால் ஆறு சிலிண்டர், அடுத்து வரும் 37 கூப்பே உடல், 9 என்பது ஆண்டு. அதன்பின் ‘என்’ இருந்தால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ இருந்தால் கலிபோர்னியாவின் வான் நைஸ் ஆலை. இசட்/28 என்று அதில் எங்கும் இருக்காது. எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் இசட்/28தான். ஆனால் நார்வுட் ஆலை இந்தக் குறியீடுகளை 1968 டிசம்பர் வாக்கில்தான் போடத் தொடங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளிலும் வான் நைஸ் வண்டிகளிலும் அவை இல்லை.

அப்படியானால் சாட்சி வண்டிக்குள்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற அந்தக் காலத்துச் செவ்ரோலேக்களுக்கு வண்டிவாரியான தயாரிப்பு விவரத்தை ஜெனரல் மோட்டார்ஸிடம் கேட்டுப் பெற முடியாது. கனடாவில் விற்றவற்றுக்கு மட்டும் கனடா கிளை ஆவணம் தருகிறது. எனவே பெட்ரோல் டாங்கை இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள். அதன் மேற்பரப்பில் தயாரிப்புத் தாள், அதாவது அந்த வண்டிக்கு என்னென்ன பொருத்த வேண்டும் என்று தொழிற்சாலையில் குறித்த தாள், ஒட்டிக்கொண்டிருக்கலாம். சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் தேடுங்கள். நைந்த தாளாக இருந்தால் உரிக்க வேண்டாம், இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

அடுத்தது எஞ்சின். இசட்/28இன் 302 கன அங்குல எஞ்சினில், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய தட்டை மேடை தெரியும். ‘வி0123டிஇசட்’ போன்ற முத்திரை அதில் இருக்கும்: ஃப்ளின்ட் ஆலை, ஜனவரி 23, இசட்/28 எஞ்சின். பக்கத்திலேயே வண்டியின் வரிசை எண். பிளாக்கை வார்த்த தேதி பின்பக்க விளிம்பில் தனியாக இருக்கும். ‘ஏ 15 9’ என்றால் 1969 ஜனவரி 15. வார்த்தது முதலில், எஞ்சின் கோத்தது அடுத்து, வண்டி உருவானது கடைசியில். இந்த வரிசை தலைகீழாக இருந்தால் எஞ்சின் மாறியிருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 1969 மாடலின் தயாரிப்பு 1968 கோடையின் கடைசியில் தொடங்கி 1969 நவம்பர் வரை நீண்டது. எஞ்சின் முத்திரையிலும் சரி, பின்சுவர்த் தகட்டின் ‘11ஏ’ (நவம்பர் முதல் வாரம்) போன்ற வாரக் குறியீட்டிலும் சரி, ஆண்டு இருக்காது. 11ஏ எந்த நவம்பர் என்பதை வண்டியின் வரிசை எண்ணை வைத்தும், வார்ப்புத் தேதியின் கடைசி இலக்கத்தை வைத்தும்தான் முடிவு செய்ய வேண்டும். வாங்குபவர்கள் சறுக்கும் இடம் இது.

எஞ்சினின் அந்தத் தட்டை மேடையில் முன்னிருந்து பின்னாக நுண்ணிய இணைகோடுகள் ஓடும். தொழிற்சாலையின் வெட்டுக்கருவி விட்ட தடம் அது. லேத் பட்டறையில் பிளாக்கின் மேற்பரப்பைச் சீவினால் கோடுகளும் எண்ணும் சேர்ந்து போய்விடும். பிறகு புதிதாக எண் அடித்தாலும் கோடு திரும்பாது, அனுபவமுள்ள கண்ணுக்கு அது உடனே தெரியும். பிளாக்கை அனுப்பும் முன் மேடையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். “இந்த இடத்தைத் தொடக்கூடாது” என்று எழுத்திலேயே கொடுங்கள். வாயால் சொன்னது மிஷின் ஓட்டுபவர் காது வரை போகாது. டேஷ்போர்டின் விஐஎன் தகட்டையும், அதைப் பிடித்திருக்கும் பூ வடிவ ரிவெட்டுகளையும் பெயிண்டுக்காகக் கழற்றக் கூடாது. அது தரத்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல, சட்டச் சிக்கலும் கூட.

அழுக்கை எடுக்க மண்ணெண்ணெய், மென்மையான பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி போதும். வண்டியின் அடிப்பகுதியில் பூசிய அண்டர்கோட்டிங்கை ஹீட் கன்னால் இளக்கி எடுங்கள். ஒரு சதுர அடி முடிந்ததும் படம், பிறகு அடுத்த சதுர அடி. எஞ்சினைத் தாங்கும் முன்பக்கச் சட்டமான சப்ஃபிரேமுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ஷிம்கள் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகட்டுத் துண்டுகள்) எந்த மூலையில் எத்தனை என்று எழுதி வையுங்கள். இதை விட்டால் பின்னால் கதவு இடைவெளி ஒத்து வராமல் நாள்கணக்கில் மல்லாட வேண்டியிருக்கும்.

இனி பூச்சுகள். எல்லாவற்றையும் கறுப்புப் பளபளப்பில் அடித்துவிடுவதே மீட்டமைப்பில் அதிகம் காணும் தவறு. தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு முகம் இருந்தது. சப்ஃபிரேம் அரைப் பளபளப்புக் கறுப்பு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. பிரேக் பூஸ்டரில் மஞ்சளும் வானவில்லும் கலந்த கேட்மியம் முலாம். பானட் கீல்கள் அடர்சாம்பல் பாஸ்பேட். எஞ்சினுக்கு ஆரஞ்சு அடித்தபோது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேலும் தெறித்தது, சூட்டில் கருகியும் போனது. அதை மறைத்து ஒட்டித் துல்லியமாக அடித்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சரியாக இருக்காது.

பாஸ்பேட் குளியலுக்கு முன் கீலைக் கண்ணாடி மணித்தூள் வைத்து ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். அதன்பின் வெறும் கையால் தொட்டால் விரல் ரேகை கறையாக நின்றுவிடும். மாங்கனீஸ் பாஸ்பேட் கரைசலுக்கு 90 முதல் 95 டிகிரி சூடு தேவை. சூடு குறைந்தால் படலம் திட்டுத்திட்டாக வரும். எடுத்துக் கழுவியதும் எண்ணெயில் போடாவிட்டால் துரு பிடித்துவிடும்.

கேட்மியம் நச்சு. அதனால் பலர் துத்தநாக முலாமும் மஞ்சள் குரோமேட்டும் பயன்படுத்துகிறார்கள், நிறம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனால் ஸ்பிரிங்குகளையும் அதிக வலிமைப் போல்ட்டுகளையும் ஆசிட்டில் ஊறவைத்து முலாம் பூசினால் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை எளிதில் முறியும்படி ஆக்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. முறுக்கிப் பொருத்தி ஒரு நாள் கழித்துத் தலை தனியாகத் தெறிக்கும். முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சுட வேண்டும். குரோமேட் சூட்டைத் தாங்காது, ஆகவே சுட்ட பிறகே அதில் தோய்க்க வேண்டும். முலாம் பட்டறையில் இதைக் கேட்காமல் சஸ்பென்ஷன் போல்ட்டைக் கொடுக்காதீர்கள்.

உடலின் தகட்டில் மணல் ஊதினால் அகலமான பகுதிகள் நெளிந்துவிடும். ஆசிட் தொட்டியில் முழு உடலையும் அமிழ்த்தினால் மடிப்புகளில் தங்கிய ஆசிட் மாதங்கள் கழித்துப் பெயிண்டுக்கு அடியில் கசியும். கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இணைப்பில் தொழிற்சாலை ஈயம் வைத்து நிரப்பியது. அங்கே கிரைண்டர் போட்டால் ஈயத்தூள் மூச்சில் போகும். அரம் போட்டுச் சீவுங்கள், சீவல்கள் கீழேதான் விழும். அந்தக் காலத்து பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அவற்றை ஏர் ஹோஸால் ஊதாமல் நனைத்துத் துடையுங்கள்.

1969இல் ஜெனரல் மோட்டார்ஸ் அடித்தது அக்ரிலிக் லாக்கர். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் கிடையாது. இன்றைய கிளியர் கோட் தரும் ஈரப் பளபளப்பு 72ஆம் எண் நிறமான ஹக்கர் ஆரஞ்சின் முகத்தையே மாற்றிவிடும். லாக்கரே அடித்தால் தடிமனைக் கட்டுப்படுத்துங்கள், தடித்த லாக்கர் வெயிலில் வெடிக்கும். ஒற்றைப் படல யூரித்தேனை அடித்து லேசாகத் தேய்த்து மெருகேற்றினால் தோற்றம் நெருங்கி வரும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடல் ஒவ்வாமை காட்டிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். துணி மாஸ்க் இதற்குப் பாதுகாப்பே இல்லை. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் இல்லாத பட்டறையில் இந்த பெயிண்டை அடிக்கச் சொல்லாதீர்கள்.