சைட்டில் நிற்பவருக்கு வகுப்பறை எங்கே?

சாலை வடிவமைப்புகளைச் சரிபார்ப்பது என் வேலை. வரும் கோப்புகளில் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அச்சுச் சுமைக் கணக்கெடுப்பு, அதாவது லாரியின் ஒவ்வொரு சக்கர அச்சும் சாலையில் இறக்கும் எடையின் அளவீடு, 2018-க்கு முந்தையது. அதிலிருந்து எடுத்த எண்ணையே அப்படியே போட்டிருப்பார்கள். நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பை 2018 ஜூலையில் மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எட்டில் ஒரு பங்குதானே கூடியது என்று தோன்றும். ஆனால் சாலைச் சேதம் சுமையின் நான்காம் அடுக்கில் ஏறும். வரம்பளவு ஏற்றி ஓடும் லாரிக்குக் கணக்குப் போட்டால் சேதம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது.

இந்தக் கோப்புகளை அனுப்பும் சைட் பொறியாளர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. விடியற்காலையில் தார்க்கலவை தயாராகும் பிளான்ட்டில் நிற்பவர்கள். கல்லூரியை விட்டு இருபது வருடம் ஆகியிருக்கும். நொய்டாவில் நெடுஞ்சாலைப் பொறியாளர்களுக்கென்றே பயிற்சி அகாடமி இருக்கிறது. ஆனால் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் யார் விடுவிப்பார்கள்?

அதனால்தான் தொலைநிலைப் படிப்பைச் சொல்கிறேன். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்தளத்தில் சாலைத்தள வடிவமைப்பும் போக்குவரத்துப் பொறியியலும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும்.

ஒன்று மட்டும்: வீடியோவை ஓடவிடுவது படிப்பாகாது. தார்க்கலவையின் காற்றிடைவெளி (இறுக்கிய பிறகும் உள்ளே தங்கும் காற்றின் அளவு) பற்றிய பாடத்தை நானும் தலையாட்டிக் கேட்டவன்தான். பிறகு ஒருநாள் தார்ச்சாலை வடிவமைப்புக்கான இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐஆர்சி 37-இன் 2018 பதிப்பிலுள்ள சமன்பாட்டில் என் சாலையின் எண்களைப் போட்டேன். கலவையில் பிட்டுமனின் (தாரின்) கன அளவு 11.5 சதவீதம். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, காற்றிடைவெளியை 3-லிருந்து 5 சதவீதமாக்கியதும் விரிசல் விழும்வரையான ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. கலவையை இறுக்கிக் காற்றைக் குறைப்பது ரோலர்தான்; அது ஒரு நடை குறைந்தாலும் அதற்குப் பிறகு நான் விடுவதில்லை.

திரையில் வராததும் உண்டு. மண்ணை நான்கு நாள் ஊறவைத்து அதன் தாங்குதிறனை அளக்கும் சிபிஆர் சோதனையை லேபில் நின்று கையால் செய்துதான் பழக வேண்டும்.

மேலதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: படிப்பை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் வியாழன் மாலை 4 முதல் 6 வரை ஒதுக்கியிருக்கிறோம். வருபவர் தன் சாலையின் எண்களோடு வர வேண்டும். அந்த வாரப் பாடத்தை அந்த எண்களில்தான் போட்டுப் பார்க்கிறோம்.