'மருத்துவப் பரிசோதனை'ன்னா செக்அப்பா, இல்ல ஆள வச்சு செய்ற சோதனையா?

போன போயா லீவு அன்னிக்கு ஹட்டன்ல மழை விடவே இல்ல, வெளிய போக வழியில்லாம வீட்டுல எல்லாரும் உக்காந்து படக்கதை சொல்ற வீடியோ ஒன்னு பாத்துக்கிட்டு இருந்தோம். பழைய பிரெஞ்சு படம், 1960ல ஜார்ஜ் ஃப்ரான்ஜு எடுத்தது, பேர தமிழ்ல சொன்னா 'முகமில்லாத கண்கள்'. பெரிய சர்ஜன் ஒருத்தர், அவரு ஓட்டின கார் விபத்துல மகளோட முகம் சிதைஞ்சு போயிருது, அந்த முகத்த திருப்பிக் குடுத்தே தீரணும்னு ஒரே பிடியா நின்னு, உதவிக்காரி ஒருத்திய விட்டு இளம் பொண்ணுங்கள ஏமாத்தி வீட்டுக்கு கூட்டிட்டு வந்து, மயக்கத்துல போட்டு முகத்தோல உரிச்சு எடுத்து மகளுக்கு ஒட்டுறாரு. கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனா பென்சிலால முகத்த சுத்தி கோடு போட்டு வெட்டுற அந்த ஒரு காட்சிய பாத்துட்டு தூக்கம் வராது.

கதை சொன்னவரு அத இப்பிடி சொன்னாரு: "இந்த டாக்டர் பொண்ணுங்களுக்கு ரகசியமா மருத்துவப் பரிசோதனை பண்றாரு."

அம்மாயி பக்கத்துல பாயில உக்காந்து வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கண்ணு சரியா தெரியாது, காதால கேக்குறதுதான். "ஏம்மா, நல்ல டாக்டரா இருக்காரே, நம்ம கிளினிக்ல பரிசோதனைக்கு துண்டு எழுதி குடுத்தா ரத்தம் எடுக்கவே விடியக்காலைல போயி வரிசைல நிக்கணும், இவரு வீட்டுக்கே கூட்டிட்டு போயி பாக்குறாரு" அப்பிடின்னுச்சு.

யாரும் சிரிக்கல. ஏன்னா அது கேட்டது சரி. சொன்னதுதான் பிழை, 'மெடிக்கல் எக்ஸ்பெரிமெண்ட்'ங்கிறத அப்பிடி தமிழாக்கிட்டாங்க. மருத்துவப் பரிசோதனைன்னா நம்ம ஊர்ல அதுதான் அர்த்தம். சீனி பாக்குறது, பிரஷர் பாக்குறது, வேலைக்கு போக முந்தி மெடிக்கல் எடுக்குறது. இந்த மாதிரி எழுதுறத நான் எத்தனையோ தடவ கேட்டாச்சு, படத்துக்கு கீழ ஓடுற வசனத்துல, பேப்பர்ல வர்ற படக்குறிப்புல, எல்லாத்துலயும் இதே சொல்தான், அன்னிக்கு கேட்டதோட பொறுமை முடிஞ்சிருச்சு.

மூலத்த சுருக்கமா சொல்லிர்றேன். எக்ஸ்பெரிமெண்ட்ங்கிறது லத்தீன் 'எக்ஸ்பெரிரி'ல இருந்து வந்தது, முயன்று பாக்குறதுன்னு பொருள். எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பர்ட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைங்கதான், ஆபத்துன்னு பொருள் வர்ற 'பெரில்' கூட அதே வேர்தான். பிரெஞ்சுல இன்னிக்கும் அனுபவத்துக்கும் எக்ஸ்பெரிமெண்டுக்கும் ஒரே சொல்தான். நம்ம பரிசோதனை வடமொழி. சுத்தம்ங்கிற சொல்லுக்கு எது வேரோ அதுதான் இதுக்கும் வேர், சோதனம்னா சுத்தப்படுத்துறது, பரின்னா முழுக்க. அழுக்கு இருக்கா பாத்து எடுக்குறதுல இருந்து, குறை இருக்கா பாக்குறதுக்கு பொருள் நகந்து வந்திருக்கு.

இதுலயே விசயம் தெரியுது பாருங்க. பரிசோதனை, ஏற்கனவே இருக்கிற ஒன்னுல என்ன இருக்குன்னு பாக்குறது. எக்ஸ்பெரிமெண்ட், இல்லாத ஒன்ன செஞ்சு என்ன ஆகுதுன்னு பாக்குறது. முதலாவதுல ரத்தம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ரெண்டாவதுல ஆளே போகலாம்.

இத என்னோட படிச்ச ஒரு சயன்ஸ் டீச்சர்கிட்ட சொன்னேன். அவரு ஒத்துக்கல. "இலங்கைல பாடப்புத்தகத்துல எக்ஸ்பெரிமெண்டுக்கு பரிசோதனைன்னுதான் இருக்கு, பிள்ளைங்க அதத்தான் படிக்கிறாங்க, நீங்க புதுசா குழப்பாதீங்க"ன்னாரு. உண்மைதான், நாங்களும் அப்பிடித்தான் படிச்சோம். ஒளித்தொகுப்பு பாடத்துல இலைய சுடுதண்ணில போட்டு, பிறகு அற்ககோல்ல வச்சு பச்சைய போக்கி, அயடீன் சொட்டு விட்டதும் இலை கருநீலமா மாறுமே, அந்த மணம் கூட இன்னும் ஞாபகத்துல இருக்கு. கொப்பில 'பரிசோதனை'ன்னு தலைப்பு போட்டுத்தான் எழுதினோம். ஆய்வுகூடத்துக்குள்ள அந்த சொல்லால ஒரு கெடுதலும் இல்ல, ஏன்னா அங்க மேசை மேல இருக்கிறது இலை. இலைக்கு செக்அப் பண்றாங்கன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. மேசை மேல மனுசன் படுத்திருக்கிறப்போ, பக்கத்துல டாக்டர் நிக்கிறப்போ, முன்னால 'மருத்துவ'ன்னு வேற சேத்துட்டா, அந்த சொல் தானா ஆஸ்பத்திரிப் பக்கம் சாஞ்சிருது. பாடப்புத்தகத்துல சரியா இருக்கிற சொல் எல்லா இடத்துலயும் சரியா இருக்கணும்னு ஒன்னும் கிடையாதே. அவரு இத கடைசி வரைக்கும் ஒத்துக்கல, நானும் விடல, டீ ஆறிப் போச்சு.

அடுத்தது 'மருத்துவ ஆய்வு', 'மருத்துவ ஆராய்ச்சி'ன்னு எழுதுறவங்க. தனித்தமிழ் பாக்குறவங்களுக்கு இது பிடிக்கும், ஆய்வு நல்ல தமிழ்ச் சொல்தான், எனக்கும் பிடிச்ச சொல்தான். ஆனா இந்த இடத்துல அத போட்டா எனக்கு கோபமே வருது. ஆராய்ச்சின்னா படிச்சவங்க செய்ற மதிப்பான வேலை. நமக்கு ஆராய்ச்சின்னதும் தலவாக்கலை சென்ட் கூம்ஸ்ல இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம்தான் ஞாபகம் வரும், 1925ல தொடங்கினது, மலைல இன்னிக்கு நாம கொழுந்து எடுக்கிற எத்தனையோ வீபி தேயிலை (விதை போடாம கிளைத்துண்டு நட்டு வளக்கிறது) அங்க வளத்துப் பாத்து குடுத்த வகைதான். அந்த சொல்ல கொண்டு போயி ஆளக் கடத்தி தோல உரிக்கிறவனுக்கு குடுத்தா, அவன் செஞ்சதுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டி விட்ட மாதிரி ஆயிருது. அந்தப் படத்துலயே டாக்டர் ஆரம்பத்துல மேடை ஏறி தோல் ஒட்டுறத பத்தி லெக்சர் குடுக்கிறாரு, சனம் மரியாதையா கேட்டுக்கிட்டு இருக்கு. அது ஆராய்ச்சி. வீட்டுக்குள்ள நடக்கிறது வேற. படம் அந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுது, மொழிபெயர்க்கிறவங்க ரெண்டையும் ஒரே சட்டிக்குள்ள கொட்டிர்றாங்க.

சரி, அப்போ என்ன சொல்லலாம்? நான் வெறும் 'சோதனை'ய எடுத்துக்கிறேன். அதுவும் வடமொழி வேர்தானேன்னு கேப்பீங்க. ஆமா. எனக்கு இங்க தூய்மைய விட தெளிவு முக்கியம். சோதனைங்கிற சொல்ல நம்ம சனம் பட்டு அறிஞ்சிருக்கு. கடவுள் சோதிக்கிறான்னு சொல்றோம், சர்ச்சுல "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்"னு ஜெபிக்கிறாங்க, யுத்த காலத்துல பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் இறக்கி ஐடென்டிடி கார்ட கைல தூக்கிப் பிடிச்சு நடக்க வச்சாங்களே, அதுக்கும் சோதனைச்சாவடின்னுதான் பேரு. அந்த சொல்லுல ஒரு பயம் ஒட்டிக்கிட்டு இருக்கு, நம்மள விட பலம் கூடின ஒருத்தர் முன்னால நிக்கிற உணர்வு இருக்கு. இந்தப் படத்துக்கு அதுதான் வேணும்.

ஆனா சொல்ல மட்டும் மாத்தினா போதாது, வேற்றுமை உருபும் மாறணும், இத யாருமே கவனிக்கிறதில்ல. "அவளுக்கு பரிசோதனை செய்தார்"னு 'கு' போட்டா அது அவளோட நன்மைக்கு. "அவளை வைத்து சோதனை செய்தார்"னா அவ வெறும் சாமான். எலிய வச்சு சோதனை, நாய வச்சு சோதனைன்னுதான் நாம சொல்றோம், எலிக்கு சோதனைன்னு சொல்ல மாட்டோம். அந்தப் படத்துல டாக்டரோட வீட்டுல கூண்டு கூண்டா நாய் அடைச்சு வச்சிருக்காரு, அதுங்கள வச்சும் செய்றாரு, பொண்ணுங்கள வச்சும் செய்றாரு. நாய்க்கும் ஆளுக்கும் ஒரே 'வச்சு'. அந்த மூணு எழுத்துலயே படத்தோட பாதிக் கொடுமை வந்துருது.

இன்னொன்னு, இத எனக்கு காட்டினது அம்மாயிதான். அன்னிக்கு வீடியோவ நிப்பாட்டிட்டு நான் கதைய திருப்பி சொன்னேன், இப்பிடி பொண்ணுங்கள பிடிச்சுட்டு வந்து மூஞ்சித்தோல உரிச்சு மகளுக்கு வைக்கிறான்னு. அது வெத்தலைய அப்பிடியே மடில வச்சுட்டு, "ஒட்டிப் பாத்தானா? ஒட்டிச்சா?"ன்னு கேட்டுச்சு. ஒட்டல, கொஞ்ச நாள்ல அழுகிப் போச்சு, திரும்ப வேற ஒருத்திய தேடினான்னு சொன்னேன். "பாவி, ஒட்டிப் பாக்க அடுத்தவ மூஞ்சிதான் கெடச்சுச்சா"ன்னுச்சு.

ஒட்டிப் பாத்தான். லத்தீன்காரன் எக்ஸ்பெரிரின்னு சொன்னத தமிழ் ஒரு துணைவினைக்குள்ள வச்சிருக்கு. செஞ்சு பார், குடிச்சுப் பார், நட்டுப் பார். பெயர்ச்சொல்ல தேடி மண்டைய உடைக்கிறத விட "வெட்டிப் பார்க்கிறான், ஒட்டிப் பார்க்கிறான்"னு எழுதினா எந்த அகராதியும் வேணாம், எழுபது எண்பது வயசுக்காரங்களுக்கும் ஒரு நொடில விளங்கும். பெயர்ச்சொல் கட்டாயம் வேணும்னா மட்டும் 'மனிதரை வைத்துச் செய்யும் சோதனை'. கொஞ்சம் நீளம்தான். நீளமா இருந்தா என்ன, பிழையில்லையே.

'வெள்ளோட்டம்'னு ஒரு நல்ல சொல்ல சிலர் சொல்வாங்க, புதுத் தேர முதல்ல இழுத்துப் பாக்குறதுக்கு உள்ள சொல். புது மருந்த ஆளுங்களோட சம்மதத்தோட குடுத்துப் பாக்குறாங்களே, அதுக்கு 'மருந்து வெள்ளோட்டம்' ரொம்பப் பொருத்தம், நானே பாவிப்பேன். சம்மதம் இல்லாத இடத்துல போட்டுறாதீங்க. 1947ல நூரம்பர்க்ல நாஜி டாக்டர்மார விசாரிச்சு தீர்ப்பு சொன்னப்போ பத்து விதி எழுதினாங்க, முதல் விதியே ஆளோட சொந்த விருப்பத்துல வர்ற சம்மதம் கட்டாயம்ங்கிறதுதான். சொல்லும் அந்த இடத்துலதான் பிரியணும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையான்னு அந்த டீச்சர் கேட்டாரு. அவருக்கு நான் டஸ்கீகிய சொன்னேன். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல 1932ல இருந்து 1972 வரைக்கும், நாப்பது வருசம், ஏழைக் கறுப்பின ஆம்பளைங்க 600 பேர அரசாங்க சுகாதாரத் துறை கவனிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுல 399 பேருக்கு சிபிலிஸ். உங்களுக்கு கெட்ட ரத்தம், வைத்தியம் பாக்குறோம்னு சொல்லி சாப்பாடு குடுத்து வண்டில ஏத்திட்டு போவாங்க, முதுகுத் தண்டுல ஊசி குத்தி நீர் எடுக்கிறதக் கூட இலவச சிகிச்சைன்னு கடிதம் போட்டு கூப்பிட்டாங்க. பென்சிலின் வந்து அதுக்கு குணமாகும்னு தெரிஞ்ச பிறகும் குடுக்கல. வைத்தியம் பாக்காம விட்டா அந்த நோய் என்ன செய்யும்னு பாக்குறதுதான் அவங்களுக்கு வேணும். 1997லதான் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்பு கேட்டாரு. இத தமிழ்ல எழுதுங்க பாப்போம்: "மருத்துவப் பரிசோதனைன்னு சொல்லி கூட்டிட்டு போயி, அவங்கள வச்சு சோதனை பண்ணினாங்க." ரெண்டு இடத்துலயும் பரிசோதனைன்னே போட்டா அந்த வரில குற்றமே காணாம போயிரும். டீச்சர் அதுக்கு மட்டும் ஒன்னும் பேசல.

அந்த வீடியோல இன்னொன்னும் இருந்துச்சு, டாக்டர 'சைக்கோ, சைக்கோ'ன்னு எண்ணில்லாம சொன்னது. அந்த ஆளுக்கு மனநோய் இல்ல, மக மேல உள்ள பாசமும் குற்ற உணர்வும் தன் கைத்திறமை மேல உள்ள திமிரும் சேந்து பித்தாகிப் போனது. பித்துன்னு மூணெழுத்து சொல் இருக்கு, பிள்ளைப் பித்து, காசுப் பித்துன்னு நாம தினம் பேசுறோம். எங்க லயத்துல இருந்தே மனநல கிளினிக்குக்கு மாசாமாசம் போயி மருந்து எடுக்கிறவங்க இருக்காங்க, அவங்க ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் செய்யல, அவங்க பிள்ளைங்கள ஸ்கூல்ல 'சைக்கோ வீட்டுப் பிள்ளை'ன்னு கூப்பிடுறத நான் என் காதால கேட்டிருக்கேன். இந்த வீடியோ பாத்துத்தான் அதுங்க அந்த சொல்ல படிக்குதுங்க.

அம்மாயிக்கு வர்ற வியாழன் கிளினிக். கொப்பிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற துண்டுல 'குருதிப் பரிசோதனை'ன்னு எழுதியிருக்கு. அந்தச் சொல் அங்கதான் இருக்கணும்.