கும்மாயக் கரண்டிக்கு ஏற்ற கட்டை

மாவும் வெல்லமும் சேர்த்துக் கிண்டும் செட்டிநாட்டு இனிப்பான ஆடிக் கும்மாயம் இறுக இறுகக் கிண்டுகிற கையின் அழுத்தம் முழுவதும் கரண்டியின் கழுத்தில்தான் விழும். காம்பும் குழியும் சேரும் அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடினால் மாவு வெந்து முடியுமுன் கரண்டி இரண்டாகிவிடும். நீங்களே கரண்டி செதுக்க மரம் தேடும்போதே கழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடிப் பக்கம் இடித்த வீட்டுத் தேக்கு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கரண்டிக்கு அது வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். கரையான் மருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது இழைத்துப் பார்த்தாலும் தெரியாது. பெயர் தெரியாத விறகும் ஆகாது, எட்டியும் அரளியும் நஞ்சு.

கொல்லைக் கொய்யா போதும்: நெருங்கிய நார், நல்ல கெட்டி. மா செதுக்க இலகு, ஆனால் பச்சை மரத்தின் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். வண்டு துளைத்துச் சீக்கிரம் உளுத்தும் போகும். பலாக் கட்டையிலிருந்து பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் காய்ச்சினார்கள். புதுப் பலாக் கரண்டியைப் பால் பணியாரத்தில் விட்டால் மஞ்சள் இறங்கலாம். புளிய மரத்தின் வைரம், அதாவது கெட்டியான உட்கட்டை, உளியைச் சோதிக்கும். முதல் கரண்டிக்கு வேண்டாமே.

12 செ.மீ. குறுக்களவுள்ள பச்சைக் கொம்பில் 35 செ.மீ. அறுத்து, அன்றே இரு முனையிலும் மெழுகு பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். பிறகு ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். பிளவு நாரோடு ஓடும், ரம்பம் நாரை வெட்டிக்கொண்டு போகும். கொம்பின் நடுவில் ஓடும் மென்மையான நெட்டியை ஒரு விரல் கனத்துக்குச் சீவி எறியுங்கள். மரம் மையத்திலிருந்து வெளிவாக்கில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு சுற்றுவாக்கில் சுருங்கும். நெட்டி உள்ளே இருந்தால் வெடிப்பு தப்பாது.

கட்டை கனமாக இருந்து பிடிக்கத் தோதாக இருக்கும்போதே குழியைக் குடைந்துவிட்டு, முதுகைப் பிறகு சீவலாம். குழியுளி நாருக்குக் குறுக்கே போகட்டும். நெடுக ஓட்டினால் அடியில் நார் பெயரும். விளிம்பு 4 மி.மீ., அடி 6 மி.மீ., கழுத்து 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கழுத்து வளைவை இரு புறமிருந்தும் பள்ளத்தை நோக்கியே சீவுங்கள். ஏற்றத்தில் உளி போனால் நார் கிழியும்.

வெயிலிலோ மின்விசிறிக்கடியிலோ காயவைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஒரு பகல் போதும், கீறிவிடும். செதுக்கிய சீவலிலேயே புதைத்துக் காகிதப் பையில் 10, 15 நாள் வையுங்கள். பூஞ்சணம் கண்டால் சீவலை மாற்றுங்கள். சமையலறைத் தராசில் மூன்று நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம்.

120, 220 எண் உப்புத்தாள் போட்டு, ஒருமுறை நனைத்துக் காயவிட்டால் பிசிறு எழும். அதை 320இல் தேய்த்து எடுங்கள். நல்லெண்ணெய் முழுதாக உலராமல் பிசுபிசுத்து, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். சாப்பாட்டுக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக மூன்று கை பூசி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். ஹார்டுவேர் கடையின் ‘பாயில்டு’ வகையில் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது கதவுக்கு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போட்டுக் காயவிடுங்கள்.