இன ஈட்டுநீதி

அமெரிக்கக் கஞ்சாச் சட்டப் பேச்சில் வரும் 'ரேஷியல் ஈக்விட்டி' என்பதை 'இனச் சமத்துவம்' என்று எழுதினால் பொருள் பாதி போய்விடும். எல்லாருக்கும் ஒரே விண்ணப்பம், ஒரே கட்டணம் என்பது சமத்துவம். ஈக்விட்டியோ, கஞ்சா தடையில் இருந்த காலத்தில் அடிபட்டவர் யார் என்று முதலில் கேட்கும். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் 2018இல் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு 3.64 மடங்கு.

லத்தீனில் 'ஈக்வுஸ்' என்றால் மேடுபள்ளமற்ற, சமமான. பொதுச் சட்டத்தின் (காமன் லா) இறுக்கமான விதி அநீதியில் முடிந்த இடத்தில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் தந்த நிவாரணமே ஈக்விட்டி. அடமானத் தவணை தவறியவரும் கடனைக் கட்டிச் சொத்தை மீட்கலாம் என்று அது காத்த உரிமையிலிருந்துதான் 'உடைமைப் பங்கு' என்ற பொருளும் கிளைத்தது.

கஞ்சா விற்பனையை அனுமதித்த இடங்களில் தரப்படும் உரிமத்தில் இரண்டு பொருளும் சேர்ந்தே வருகின்றன. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம் 2017இல் தொடங்கிய ஈக்விட்டி உரிமத் திட்டத்தில் தகுதி பெற, வருமானம் வட்டார நடுமதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கூடவே, ஓக்லாந்தில் கஞ்சாத் தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது கஞ்சாக் கைது அதிகமான குறிப்பிட்ட காவல் வட்டங்களில் கடந்த 20 ஆண்டில் 10 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் 2019 சட்டத்தில் தகுதி பெற ஒரு வழி, நிறுவனத்தின் 51 சதவீத உடைமை இப்படி அடிபட்டவர் கையில் இருப்பது. கோளாறு நடப்பது இங்கேதான்: காகிதத்தில் 51 சதவீதம் அடிபட்டவர் பெயரில், லாபமும் காசோலைக் கையெழுத்தும் முதலீட்டாளரிடம். ஒப்பந்தத்தில் பங்கு விற்பனை விதியையும் மேலாண்மைக் கட்டணத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

முதலீட்டாளரிடம் போக வைப்பது வங்கிதான். கூட்டாட்சிச் சட்டத்தில் கஞ்சா குற்றமாக இருக்க, உரிமம் பெற்ற கடைக்குக் கணக்கு வைத்தாலும் வங்கி சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை தர வேண்டும் என்றது 2014 வழிகாட்டுதல். பல வங்கிகள் ஒதுங்கின. சொந்தச் சொத்து உள்ளவர் சமாளித்தார், இல்லாதவர் மாட்டிக்கொண்டார். இதைச் சரிசெய்ய வந்த 'சேஃப் பேங்கிங்' மசோதா 2019இல் கீழவையில் 321–103 என வென்றும் செனட்டில் நின்றுவிட்டது. பழைய கஞ்சாக் குற்றப் பதிவு நீக்கமும் அடிபட்ட பகுதிகளில் மறுமுதலீடும் இல்லாத வங்கி மசோதா பெருநிறுவனங்களுக்கே உதவும் என்ற எதிர்ப்பும் இருந்தது. அதில் நியாயம் உண்டு.

தமிழில் 'ஒப்புரவு' நல்ல சொல். ஆனால் குறளில் அது கைம்மாறு கருதாத உதவி. இங்கே பேசுவது கொடையை அல்ல, தீர்க்க வேண்டிய கடனை. 'ஈடு' பொருந்துகிறது: ஈடு இணை என்றால் சமம், இழப்பீடு என்றால் பரிகாரம், வீட்டை ஈடு வைத்தால் கடன் பிணை. ஆகவே 'இன ஈட்டுநீதி' என்று எழுதலாம். பங்கு என்ற பொருளில் வரும் ஈக்விட்டிக்கு மட்டும் 'உடைமைப் பங்கு' போதும்.