பக்கத்துப் பள்ளிக்கூடம் மாடி எழுப்பினால் யாரிடம் என்ன கேட்பது: கடலூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்

எங்கள் தெருவில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் அதன் மொட்டை மாடியில் கம்பி கட்டத் தொடங்கினார்கள். தெரு இரண்டாகப் பிரிந்தது. "பிள்ளைங்க படிக்கிற இடம், விட்டுடுங்க சார்" என்றார்கள் சிலர். "காலையில எட்டு மணிக்கு இந்தச் சந்துல ஒரு ஆம்புலன்ஸ் நுழைய முடியுமா?" என்றார்கள் மற்றவர்கள். நாங்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு அனுப்பினோம். சில வாரம் கழித்துப் பதில் வந்தது: இது இந்த அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. அதற்குள் தளம் போட்டு முடித்திருந்தார்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்று அன்று தெரிந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பள்ளிக்கு அங்கீகாரம் கொடுப்பது கல்வித் துறை. ஆனால் கட்டடம் எழுப்ப அனுமதி தருவது அந்தத் துறை அல்ல. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் திட்ட அனுமதி வேண்டும். அதன் 49-ஆம் பிரிவில்தான் விண்ணப்பம். நகர் ஊரமைப்புத் துறை, அதாவது நாம் டி.டி.சி.பி. என்று சொல்லும் அலுவலகம், வரைபடத்தைப் பரிசீலிக்கிறது. பிறகு கட்டட அனுமதியை உள்ளாட்சி அமைப்பு தருகிறது. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டதால் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம், முதுநகர் வாசிகளுக்கு அது மாநகராட்சி அலுவலகம். ஏற்கெனவே அனுமதி பெற்ற பழைய கட்டடம் என்பதால் மேலே இன்னொரு தளம் போட அனுமதி வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கூடுதல் தளத்துக்கும் தனி அனுமதி வேண்டும்.

அடுத்து, அடிக்கடி கேட்கும் வாதம்: "இது குடியிருப்புப் பகுதி, இங்கே பள்ளியே இருக்கக் கூடாது." இதை நம்பி வழக்குக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஊரின் முழுமைத் திட்டத்தில், அதாவது மாஸ்டர் பிளானில், ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு நிலப் பயன்பாடு குறித்திருப்பார்கள்: குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, நிறுவனம், விவசாயம் என்று. வீடுகள் இருக்கும் இடத்தில் பள்ளியும் வேண்டும் என்பதால் குடியிருப்புப் பகுதியில் பள்ளிக்கு இடம் உண்டு. குறித்த பயன்பாட்டுக்குப் பொருந்தாத கட்டடம் என்றால் மட்டும் நில உபயோக மாற்றம் கேட்க வேண்டும். அப்போது நாளிதழில் அறிவிப்பு வரும், பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பில் குறித்த நாட்களைத் தவறவிடாதீர்கள். இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைப் பள்ளி வளைத்துப்போட்டிருந்தால், அது வேறு கதை. அதற்கு லே-அவுட் வரைபடமே சாட்சி.

உண்மையான சண்டை பெரும்பாலும் அளவுகளில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இதற்கு அடிப்படை. சாதாரணமாகத் தளப்பரப்புக் குறியீடு 2. பத்தாயிரம் சதுர அடி மனை என்றால் எல்லாத் தளங்களையும் கூட்டி இருபதாயிரம் சதுர அடி வரை. சாலை அகலத்தைப் பொறுத்துக் கட்டணம் செலுத்திக் கூடுதலாகவும் வாங்கலாம். இதோடு கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம், சாலையின் அகலம், வாகனம் நிறுத்துமிடம், மழைநீர் சேகரிப்பு என்று வரிசையாக நிபந்தனைகள். எங்கள் தெருவில் எல்லோரும் உயரத்தைப் பற்றியே பேசினோம். ஆனால் பள்ளி விழுங்கியது பக்கவாட்டு இடத்தை. தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டிய இடம் அது.

தீ என்றதும் எனக்குக் கும்பகோணம்தான் நினைவுக்கு வரும். 2004 ஜூலை 16. பள்ளியில் பிடித்த தீயில் மடிந்தவர்கள் தொண்ணூற்று நான்கு குழந்தைகள். அதையொட்டி எழுந்த வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. ஆகவே பள்ளியிடம் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி வட்டாட்சியர் தரும் உரிமம் எல்லாம் இருக்க வேண்டும். பழைய அடித்தளத்தின்மேல் புதுத் தளம் ஏற்றும்போது உறுதிச் சான்றைக் கேட்பது பொறாமை ஆகாது. அங்கே படிப்பது நம் தெருப் பிள்ளைகளும்தான்.

பள்ளியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் என்று கேட்கிறது. சேர்க்கை கூடும்போது அறையும் கூடத்தான் வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பொங்கி ஊருக்குள் வந்ததை மறக்க முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் நம்மை ஏற்றுக்கொள்வது பள்ளிக்கூட மாடிகள்தான். மாடியே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அனுமதித்த வரைபடப்படி கட்டட்டும்.

சரி, சந்தேகம் வந்தால் என்ன செய்வது? அஸ்திவாரம் தோண்டும்போதே, கம்பி கட்டும்போதே நகருங்கள். அனுமதி எண்ணையும் ஒப்புதல் வரைபடத்தையும் பள்ளி நிர்வாகத்திடம் நேரில் கேளுங்கள். காட்டவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் டி.டி.சி.பி.க்கும் தனித்தனியாக மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ஆனால் கான்கிரீட் முப்பது நாள் காத்திருக்காது. ஆகவே அதே அலுவலகங்களில் புகாரையும் அதே நாளில் கொடுங்கள். அனுமதி இல்லாமலோ அனுமதியை மீறியோ நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்ல நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆம் பிரிவும், மீறிக் கட்டியதை அகற்றச் சொல்ல 56-ஆம் பிரிவும் அதிகாரம் தருகின்றன. நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு மேல்முறையீடு உண்டு. வழக்கு இழுக்கும் இடமும் அதுதான்.

கட்டி முடித்துவிட்டார்கள் என்றாலும் எல்லாம் போய்விடவில்லை. பணி நிறைவுச் சான்று இல்லாமல் இத்தகைய கட்டடத்துக்கு மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு தரக் கூடாது. மீரட்டில் குடியிருப்பு மனையில் கட்டிய கடைகள் பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: காலம் கடந்துவிட்டது, பணம் செலவாகிவிட்டது, அதிகாரிகள் அசட்டையாக இருந்தார்கள் என்பதெல்லாம் விதிமீறிய கட்டடத்தைக் காப்பாற்றாது.

எல்லைச் சுவர் என் இடத்தில் இருக்கிறது என்பது போன்ற தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குரியது. திட்ட அனுமதி யாருக்கும் நில உரிமையைத் தருவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி அலறினால் காவல் நிலையம். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மேலே சொன்ன சட்டமே மாறிவிடும். அங்கே 1969-ஆம் ஆண்டுப் புதுச்சேரி நகர் ஊரமைப்புச் சட்டம், 2012-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், புதுச்சேரித் திட்டக் குழுமம்.

மனுவில் "பள்ளியால் தொல்லை" என்று எழுதாதீர்கள். சர்வே எண், எத்தனையாவது தளம், எந்தப் பக்கம் எத்தனை அடி விடவில்லை, எந்தத் தேதியில் எடுத்த படம் என்று எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு யார் கேட்டாலும் நீட்ட வேண்டிய தாள் அந்த எண்ணுள்ள ரசீதுதான்.