மைலேஜ் 22-ஆ, 24-ஆ? வேலூர் வெயிலுக்கும் போர்வெல் தண்ணீருக்கும் ஈடுகொடுக்கும் கார் எது

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காரை விற்றுவிட்டு 15 தரும் கார் வாங்கினால், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் 33 லிட்டர் பெட்ரோல் மிச்சம். 20 தரும் காரிலிருந்து 25 தரும் காருக்கு மாறினால்? கூடுவது அதே 5 கிலோமீட்டர்தான், மிச்சமோ 10 லிட்டர் மட்டுமே. "இது 22, அது 24" என்று ஷோரூமில் தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அந்த வித்தியாசம் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாலு லிட்டர்கூட வராது. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 38 லிட்டர். ஒரு தடவை இன்ஜின் கொதித்தால் போதும், பல வருஷத்து மிச்சம் மெக்கானிக் பட்டறையில் கரைந்துவிடும்.

விளம்பரத்தில் வரும் மைலேஜ் ரோட்டில் எடுத்தது அல்ல. சோதனைக்கூடத்தில் உருளைகள்மீது காரை நிறுத்தி, குறித்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுக்கிறார்கள். உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான், ஏசியும் ஓடாது. ஆனால் மே மாதத்தில் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்பவர் ஏசியை அணைப்பாரா? சமதளத்தில் ஒரு சின்னக் காரை 30 கிலோமீட்டர் வேகத்தில் நகர்த்த 2 கிலோவாட் சக்திகூட வேண்டாம். கொதிக்கும் காரைக் குளிரவைக்க ஏசி கம்ப்ரசர் அதே அளவு சக்தியை, சில நேரம் அதற்கு மேலும், இன்ஜினிடமிருந்து பிடுங்கும். டவுனுக்குள் மைலேஜ் சரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பைபாஸ் ஏறியதும் எதிரி மாறிவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் ஏறுகிறது, காற்றுத் தடையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். உயரமான எஸ்யூவியில் முன்பக்கப் பரப்பே அதிகம் என்பதால் அடி இன்னும் பலமாக விழும். மாதம் நாலு முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வருபவருக்குத் தாழ்ந்த, நீண்ட செடான் லாபம். காட்பாடி ஸ்டேஷனுக்கும் சிஎம்சிக்கும் இடையிலேயே ஓட்டம் முடிந்துவிடும் என்றால் எடை குறைந்த ஹேட்ச்பேக் போதும். நின்று நின்று கிளம்பும்போது செலவை முடிவு செய்வது எடைதான்.

டீசல் மலிவு என்ற நினைப்பு இன்னும் பலருக்குப் போகவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி சேர்ந்துவிட்டது. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க அதற்குள் 550, 600 டிகிரி சூடு வேண்டும். ஏழெட்டு கிலோமீட்டரில் வண்டியை அணைத்துவிட்டால் அந்தச் சூடு வரவே வராது. கரி அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், பில் பயமுறுத்தும். நெடுஞ்சாலையிலேயே கிடக்கும் வண்டி என்றால் மட்டும் டீசலை யோசிக்கலாம்.

சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை வாயு, கணக்கு வேறு. ஒரு கிலோ வாயுவில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. ஆனால் இன்ஜினுக்குள் காற்றுக்குரிய இடத்தில் ஒரு பகுதியை வாயு பிடித்துக்கொள்வதால் இழுவை குறையும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு ஏறும்போது அது நன்றாகவே தெரியும். டிக்கி பாதி போய்விடும், சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனையும் உண்டு.

வேலூர்க்காரர் மற்ற ஊர்க்காரரைவிட ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, இன்ஜின் சூட்டை ஆற்றும் திரவமான கூலன்ட்டை. பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது பற்றி உச்ச நீதிமன்றமே 1996-ல் தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பல போர்வெல்களில் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் இரண்டு வேலை நடக்கும். சூடான பரப்பில் சுண்ணாம்பு படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு கடத்தும் வெப்பம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, ஆகவே மெல்லிய படிவே சூட்டை உள்ளே அடைத்துவிடும். இன்னொரு பக்கம், அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு தோலைக் குளோரைடு உப்பு அங்கங்கே உடைத்து ஊசித்துளை போடும். ரேடியேட்டர் ஒழுகும், இன்ஜின் கொதிக்கும், சிலிண்டர் ஹெட் வளையும், அதன் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் போகும். வரிசை மாறாது.

கூலன்ட் என்பது பச்சைச் சாயத் தண்ணீர் அல்ல. அதிலுள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் கொதிநிலையை ஏற்றுகிறது, துருத்தடுப்பு ரசாயனங்கள் உலோகத்தைக் காக்கின்றன. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி இல்லை. உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, நீர் 100 டிகிரியில் கொதித்துவிடாமல் தள்ளிப்போடுகிறது. அதன் ரப்பர் வளையம் தளர்ந்தால் புது கூலன்ட்டும் பொங்கி வெளியேறும். சில நூறு ரூபாய்ப் பொருள், சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள். கலந்தே வரும் கூலன்ட் வாங்குவது உத்தமம். அடர்கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்ட் வாட்டரில்தான் கலக்க வேண்டும், மினரல் வாட்டர் கேன் அதற்கு ஈடாகாது.

நம்பகம் என்று பார்த்தால், உள்ளே சிக்கல் குறைந்த வண்டிதான் அதிக நாள் ஓடும். டர்போ இல்லாத, மல்டிபாயின்ட் இன்ஜெக்ஷன் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் தெளிக்கும் முறை) வைத்த சாதாரண பெட்ரோல் இன்ஜின், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், மேனுவல் கியர், 13 அல்லது 14 அங்குல டயர். கியரைத் தானே மாற்றும் ஏஎம்டி வேண்டுமானால் ஒன்றை மனதில் வையுங்கள்: அதற்குள் இருப்பதும் சாதாரண கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் மோட்டார். மேட்டில் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் கருகும்.

செகண்ட் ஹேண்ட் பார்ப்பவர்கள் காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த நிலையில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பழுப்புத் தண்ணீர் தெரிந்தால் போர் தண்ணீர் குடித்த வண்டியாக இருக்கலாம். ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறம் இருந்தால் கேஸ்கெட் போய், கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். குறுகிய ஓட்ட வண்டியில் ஈரத்தாலும் கொஞ்சம் அப்படி நுரைக்கும் என்பதால் ஆயில் குச்சியையும் இழுத்துப் பாருங்கள், குச்சியிலும் அதே நிறம் என்றால் திரும்பிவிடலாம். பிறகு ஏசி போட்டு 20 நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். வெப்ப முள் நடுவிலேயே நிற்க வேண்டும், ஃபேன் ஓட வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு அதன் ரப்பர் குழாய்கள் தாங்குமா என்று கம்பெனி கையேட்டில் பாருங்கள்.

பெங்களூரில் விலை குறைவு என்று கேஏ (கர்நாடகப் பதிவு) வண்டி எடுப்பவர்கள், அங்கே தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி இங்கே வாழ்நாள் வரி கட்டி வேலூரின் டிஎன் 23-க்கோ ராணிப்பேட்டையின் டிஎன் 73-க்கோ மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் டயர் ஓரத்து நாலு இலக்கம்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது. டயர் சாதாரணமாக 40,000 கிலோமீட்டராவது ஓடும். மீட்டர் 28,000 காட்ட, நாலு டயரும் காரைவிட மூன்று வயது இளையவையாக இருந்தால், மீட்டரைப் பற்றி விற்பவரிடம் கேளுங்கள்.